பழைய டிஸ்க்கில் விட்டுப்போனது

திருநாவுக்கரசின் போன் வந்தபோது வெண்மதி கடலூர் முதுநகரில் தன் கம்ப்யூட்டர் கடையை அப்போதுதான் திறந்திருந்தாள். அவளுடைய அக்கா புருஷன் அவர். காலையில் கூப்பிடுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

"வெண்மதி, பண்ணை கம்ப்யூட்டரு வரமாட்டுது. நைட்டு கரண்டு போய் வந்துச்சு. அதுலேருந்து கறுப்பாவே நிக்குது."

"என்னா எழுதியிருக்கு மாமா?"

"பூட் பண்ண டிவைஸ் இல்லன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு."

போன வாரம்தான் அவள் அந்த லினக்ஸ் சிஸ்டத்தைப் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து புது எஸ்.எஸ்.டி. டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

சிதம்பரம் தாண்டி கிள்ளையில் மாமாவுக்கு ஐந்து இறால் குட்டைகள். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறதென்று ஒவ்வொரு குட்டையிலும் ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கம்ப்யூட்டரே, சக்கரத்தால் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் ஏரேட்டர் மோட்டார்களை ஓடவிட்டு, மாமாவின் போனுக்கும் சொல்லிவிடும்.

"எல்லா மோட்டாரையும் கையால போட்டுடுங்க மாமா. நான் வந்துர்றேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் முகத்தில் காற்று படவில்லை. வானம் சாம்பலாகக் கிடந்தது. வழியில் ஒரு தென்னை ஓலைகூட அசையக் காணோம். வெயிலும் காற்றும் இல்லாத நாளில்தான் குட்டைத் தண்ணீர் செத்துப்போகும் என்று மாமா ஒருமுறை சொல்லியிருந்தார். சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

பண்ணை முழுக்க மோட்டார் இரைச்சல். மோட்டார் ஷெட்டில் மாமாவும், வேலையாள் சாமிக்கண்ணுவும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். வெண்மதி கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று பழைய டிஸ்க்கையும் அவள் உள்ளேயே விட்டுவைத்திருந்தாள். அதன்மேல் விரலை வைத்தாள். சுழலவில்லை.

"புரிஞ்சிடுச்சு மாமா. மத்ததெல்லாம் புதுசுக்கு வந்துடுச்சு. சிஸ்டத்த எழுப்பிவிடுற புரோகிராம் மட்டும் பழசுலயே இருந்திருக்கு. ரெண்டும் சேந்து இருந்ததால அன்னிக்கு ஓடுச்சு. நைட்டு பழசு போயிடுச்சு."

"அன்னிக்கே பழச கழட்டிட்டு ஓடுதான்னு பாத்தியா?"

"பாக்கல மாமா."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளிடம் நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

செத்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை எழுப்பி, அதன் வழியாக எஸ்.எஸ்.டி.க்குள் நுழைந்து, எழுப்பும் புரோகிராமை அதிலேயே எழுதினாள். மறுபடி ஸ்டார்ட் செய்தாள். எழுத்துகள் வரிவரியாக ஓடின. ஓடி, நடுவில் நின்றன. இல்லாத பழைய டிஸ்க்குக்காக சிஸ்டம் காத்துக்கொண்டிருந்தது. அதைத் தேடச் சொல்லும் ஒரு வரி எங்கோ மிச்சம் இருந்தது. கதவு வழியே பார்த்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொக்குகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இத்தனை கொக்கு எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் திரை பாஸ்வேர்டு கேட்டது. குனிந்துகொண்டாள். அந்த வரியைத் தேடிப்பிடித்து அழித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தாள்.

வந்துவிட்டது. நான்கு குட்டைகளில் ஆக்சிஜன் தேவையான அளவு, நாலுக்கு மேலே இருந்தது. ஐந்தாவதில் ஒன்றுக்கும் கீழே.

"சென்சாருதான் கெட்டிருக்கும்" என்றார் மாமா. குரலில் பிடிப்பில்லை.

"அங்கயும் சுச்சு போட்டனே மொதலாளி" என்றான் சாமிக்கண்ணு.

மூவரும் ஐந்தாம் குட்டைக்கு ஓடினார்கள். வாய்க்காலைத் தாண்டியதும் அந்தப் பக்கத்தின் அமைதி காதில் அறைந்தது. எல்லா மோட்டாரையும் ஒன்றாகப் போட்டதில் ஐந்தாம் குட்டையின் ஃபியூஸ் போயிருந்தது. மற்ற நான்கின் இரைச்சலில் அது யாருக்கும் தெரியவில்லை. இறால்கள் கரையோரம் ஒண்டி, தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கொக்குகள் அவசரமே இல்லாமல் கொத்திக்கொண்டிருந்தன. மனிதர்களைப் பார்த்தும் பறக்கவில்லை.

சாமிக்கண்ணு ஃபியூஸ் போட்டான். சக்கரங்கள் சுழன்றன. இறாலை அள்ள பக்கத்துப் பண்ணை ஆட்கள் வலையோடு வந்தார்கள். தெற்கே இடி உருண்டது.

"மாமா, கரண்டு திரும்பவும் போவும். சிஸ்டத்த கரண்டு போற மாதிரியே ஒருதரம் நிறுத்திப் போட்டுப் பாத்துடணும்."

"ஓடுறத எதுக்கு நிறுத்துற? வேணாம்."

"தானா எழுந்திரிக்குதான்னு இப்பவே தெரியணும் மாமா. நைட்டு தெரிஞ்சா நாலும் போயிடும்."

அவர் நான்கு குட்டைகள் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவள் ஷெட்டுக்குத் திரும்பி கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது. மறுபடி போட்டாள். எழுத்துகள் ஓடின, நிற்காமல் ஓடின. ஐந்து எண்களும் திரும்பி வந்தன.

பொழுது சாய்வதற்குள் ஐந்தாம் குட்டையின் பாதி இறால் கரையில் குவிந்துவிட்டது, உயிரில்லாமல். மிச்சம் தேறுமா என்று சாமிக்கண்ணுவாலும் சொல்ல முடியவில்லை. மழை இறங்கியதும் கரண்டு போனது. ஜெனரேட்டரைப் போட மாமா இருட்டில் எழுந்து நடந்தார். கரண்டு வந்ததும் சிஸ்டம் எழுகிறதா என்று பார்க்க வெண்மதி திரை முன் போய் உட்கார்ந்தாள்.