யாரும் பார்க்கவில்லை

புற்றுநோய் கொண்டுபோன மார்பின் இடத்தில், அவளுடைய அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். நூல் பருமனே உள்ள இரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்திருப்பதாகவும், அவை அடைத்துக்கொண்டால் வைத்தது முழுவதும் அழுகிவிடும் என்றும் மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார். அதன்பின் அவள் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

முதலில் செவிலி அடிக்கடி வந்து சோதித்தாள். பிறகு இடைவெளி நீண்டது. "நடுவுல நீங்களும் பாத்துக்கங்க. நிறம் மாறினா உடனே மணி அடிங்க." அந்தப் பொறுப்பு, துணைக்கு வந்த நாத்தனாரின் தலையில் விழுந்தது.

நாத்தனார் வாயாடி. "வயித்தைக் குறைச்சு மேல ஏத்திட்டாங்க! எனக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க அண்ணி."

"சிரிக்க வைக்காதடி, தையல் இழுக்குது."

ஆனால் அங்கியை விலக்கும்போது மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். "நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்று சொல்லி உடனே மூடிவிடுவாள்.

அன்று பிற்பகல் அதையே சொன்னபோது, நாத்தனாரின் கண்கள் ஜன்னல் திரையில் நிலைத்திருந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"எங்கடி பாக்குற?"

"அங்கதான்..."

"உண்மையச் சொல்லு."

"கூச்சமா இருக்கு அண்ணி. பயமாவும் இருக்கு. காலையிலேர்ந்து ஒரு தடவைகூடப் பாக்கல."

அவள் அங்கியை விலக்கினாள். தானே குனிந்து பார்த்தாள். கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. தொட்டாள், விரலுக்குத் தெரிந்தது, மார்புக்குத் தெரியவில்லை. மணியை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

செவிலி விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுத்த இடம் கண்ணிமைப்பதற்குள் மீண்டும் கருநீலமானது. மருத்துவர் விரைந்து வந்தார்.

"ரத்தம் உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது. உடனே திறக்கணும். எப்போலேர்ந்து இப்படி?"

மருத்துவர் நாத்தனாரைப் பார்த்தார்.

"தெரியாது டாக்டர்," என்றாள் அவள். "நாங்க பாக்கல."

"காப்பாத்திடுவீங்களா?" என்று நாத்தனார்தான் கேட்டாள். மருத்துவர் கட்டிலைத் தள்ளச் சொன்னார்.

மயக்கம் தெளிந்தபோது, அடைப்பை எடுத்தாயிற்று, வைத்தது பிழைக்குமா என்பது இனித்தான் தெரியும் என்றார்கள். செவிலி அறையை விட்டுப் போனதும் நாத்தனார் அருகில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பாக்கட்டுமா அண்ணி?"

"ரெண்டு பேரும் பாப்போம்."

நடுப்பகுதி வெளிர்ச்சிவப்பு. ஓரத்தில் ஒரு கறுப்பு. அது பழையதா, இப்போது பரவுவதா என்று இருவருக்கும் விளங்கவில்லை. நாத்தனார் கண்ணை எடுக்காமலே மணியைத் தேடினாள்.