கயிற்றின் மறுமுனையில்

எஸ்றா சுவரின் உச்சிக்கு ஏறிவிட்டான். இறங்கத்தான் முடியவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு பழைய உப்புக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, உள்ளே மூன்று மாடி உயரத்துக்குப் பலகைச் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவர் முழுக்க மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகக் கைப்பிடிகள். ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு மேலே ஒரு வளையத்துக்குள் நுழைந்து கீழே வந்து, தரையில் நிற்பவரின் இடுப்பில் முடியும். உச்சியைத் தொட்டதும் இரண்டு கைகளையும் விட்டுப் பின்னால் சாய வேண்டும். கீழே நிற்பவர் கயிற்றை மெல்ல மெல்ல விட்டு இறக்கிவிடுவார். பிறந்தநாள் கொண்டாட வந்த வாண்டுகள்கூட அதைச் சிரித்துக்கொண்டே செய்தன.

"அண்ணே, கையை விடுங்க. நான் பிடிச்சிருக்கேம்லா," என்று கீழேயிருந்து கூப்பிட்டாள் ரிஃப்கா. காயல்பட்டினத்துப் பெண். அங்கே பயிற்சி கொடுப்பவள் அவள்தான்.

"விடுதேன், விடுதேன்" என்றான் எஸ்றா. விரல்கள் கேட்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு பிடியாகத் தடவித் தடவி, ஏறிய வழியே இறங்கினான். தரையைத் தொட்டதும் யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர்க் குழாய்க்குப் போய்விட்டான். நாலு ஞாயிறாக இதே கதை.

இதில் வெட்கம் என்னவென்றால், ஏறுவதுதான் எஸ்றாவின் தொழில். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பழுது பார்க்கும் ஆள். கப்பலைவிட உயரமான இரும்பு ஏணிகளில், கடற்காற்று சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, ஒன்பது வருஷமாக ஏறி இறங்கியவன். ஜூலையில் ஒருநாள் மழைத் தூறலில் கூட்டாளி சுடலைக்கண்ணன் மேலே கால் வழுக்கி விழுந்தான். சேஃப்டி பெல்ட் பிடித்துக்கொண்டது. மீட்பு ஆட்கள் போய்ச் சேரும் வரைக்கும் சுடலைக்கண்ணன் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே தொங்கினான். எஸ்றா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செய்வதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

சுடலைக்கண்ணன் விலா எலும்பில் ஒரு கீறலோடு தப்பித்து, அடுத்த மாதமே பாட்டுப் பாடிக்கொண்டு ஏணியில் ஏறினான். எஸ்றாவுக்குத்தான் ஏணி நடுவே நிற்க வைத்திருக்கும் இரும்புத் தட்டுகளில் இரண்டாவது தட்டிலேயே முழங்கால் பூட்டிக்கொண்டது. காதில் கோளாறு, தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கீழே பட்டறை வேலைக்கு மாற்றிக்கொண்டான். வீட்டில் மூச்சு விடவில்லை. பயம் தெளியட்டும் என்றுதான் ஞாயிறுதோறும் கிடங்குச் சுவருக்கு வரத் தொடங்கினான்.

வீட்டில் அவனால் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து வாசல் விளக்கைப் பார்த்துவிட்டு வருவான். டிவியைப் போடுவான், அணைப்பான். வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவான்; இறங்கி நின்று கடலைப் பார்ப்பதற்குள் திரும்பிவிடத் தோன்றும். படுத்தால் மூடிய கண்ணுக்குள் ஒரு உருவம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவன் மனைவி ஜெபசெல்வி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கால்சட்டையை ஊறப்போட எடுத்தவள், தொடையெல்லாம் வெள்ளைத் தூளைப் பார்த்தாள்.

"இது என்ன மாவு? எங்க போய்ட்டு வாரிய?"

"சுவர் ஏறப் போறேன். கை வழுக்காம இருக்கதுக்கு அந்தப் பொடி. சும்மா, உடற்பயிற்சிக்கு."

"வாரம் முழுக்க கிரேன்ல ஏறுதிய. ஞாயித்துக்கிழமையும் ஏறணுமோ?" என்று கேட்டவள், அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அடுத்த வாரம் நானும் வாரேன்."

வந்தாள். ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள் என்று எஸ்றா நினைத்திருந்தான். அவளோ நேரே ரிஃப்காவிடம் போய், "நான் அவுகளுக்குக் கயிறு பிடிக்கலாமா?" என்று கேட்டாள். ரிஃப்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்: எந்தக் கை எப்போதும் கயிற்றை விடக்கூடாது, எப்போது இழுக்க வேண்டும், எப்படி விட வேண்டும்.

"நீங்க ரொம்ப லேசு அக்கா, அண்ணன் நல்ல கனம். அதனால இந்தப் பட்டையை உங்க இடுப்புல மாட்டித் தரையோட கோர்த்துக்கிடுங்க. அண்ணன் விழுந்தா நீங்க மேல போயிருவிய."

"போனா என்ன, நல்லதுதான்" என்று ஜெபசெல்வி சிரித்தாள்.

எஸ்றா ஏறினான். ஏறுவது எப்போதும்போல எளிதாக இருந்தது. உச்சியில் கை வைத்தான். கீழே அவள் தலை சின்னதாகத் தெரிந்தது.

"விடுங்க!" என்றாள் அவள். "பிடிச்சிருக்கேன்!"

அவன் விடவில்லை. பேசாமல் பிடி பிடியாக இறங்கத் தொடங்கினான். என்ன நடக்கிறது என்று ஜெபசெல்விக்குப் புரியவில்லை. கயிற்றைத் தேவைக்கு மேலேயே தளர்த்திவிட்டாள். தரை நெருங்கிவிட்டது, இன்னும் இரண்டு ஆள் உயரம்தான் என்று இருந்தபோது எஸ்றாவின் இடது கால் ஒரு பச்சைப் பிடியில் வழுக்கியது.

கயிறு விறைத்தது. அவன் கீழே வர, ஜெபசெல்வி ஒரு கூச்சலோடு மேலே போனாள். தரைப் பட்டை இறுகியதும் இரண்டு பேரும் வெடுக்கென்று நின்றார்கள். அந்தரத்தில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், நேருக்கு நேர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை. பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"என்னங்க, இப்படி நடுங்குதிய?"

"அப்படியே இருங்க ரெண்டு பேரும்!" என்று ரிஃப்கா கிடங்கின் அடுத்த மூலையிலிருந்து ஓடிவந்தாள்.

"செல்வி," என்றான் எஸ்றா. "நான் கிரேன்ல ஏறி ரெண்டு மாசமாச்சு."

"என்ன சொல்லுதிய?"

"பட்டறையிலதான் இருக்கேன். சுடலை தொங்குனதைப் பார்த்ததுல இருந்து ஏற முடியல. உன்கிட்ட சொல்ல வாய் வரல."

ரிஃப்கா கீழிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெல்ல விடச் சொல்லி ஜெபசெல்விக்கு வழிகாட்டினாள். அவன் கால் தரையில் விரித்த மெத்தையில் பட்டதும் அவளும் இறங்கினாள். முடிச்சைக் கூட அவிழ்க்காமல் இருவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

"எங்க லேப்ல ஊசி குத்தும்போது மயங்கி விழுறது யாருங்கிய?" என்றாள் அவள். "குத்திக்கிடுதவங்க இல்ல. கூட வந்து பக்கத்துல நின்னு பார்க்கவங்கதான். வாரத்துக்கு ஒருத்தரையாவது நாற்காலியில பிடிச்சு உட்கார வைக்கேன். அவங்களை நான் கேலி பண்ணுவேனா? உங்களை மட்டும் பண்ணிருவேனோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கோபமாகத்தான் இருந்தாள். வண்டியில் வீடு போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பேசினாள், நிறையப் பேசினாள். ரெண்டு மாசமாக உங்களுக்கு என்மேல் என்னவோ வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை எஸ்றா சூப்பர்வைசரிடம் போய், காதில் ஒன்றும் இல்லை, பயம்தான் என்று சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, டாக்டரைப் பார், அவர் சரி என்று சொன்ன பிறகு ஏறு என்றார். அன்றைக்கும் அவனுக்கு இருக்கக் கொள்ளவில்லை. ஆனால் சுற்றிச் சுற்றி நடக்கும்போது கூட நடக்க ஒருத்தி இருந்தாள்.

அடுத்த ஞாயிறு கிடங்கில் ஜெபசெல்வி சுடிதார்த் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு நான் ஏறுதேன். நீங்க பிடிங்க" என்றாள்.

"வேண்டாம் செல்வி. ரிஃப்கா பிடிக்கட்டும்."

"ரிஃப்காவா என்னைக் கெட்டிக்கிட்டா?"

ரிஃப்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஜெபசெல்வி தப்பும் தவறுமாக ஏறினாள். ஒரு பிடிக்கு மூன்று தடவை கையை மாற்றினாள். எஸ்றாவுக்குக் கழுத்து வலித்தது. அவளைப் பார்க்காமல் கயிற்றை மட்டும் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்காமல் பிடிக்க முடியாது. பார்த்தான். மேலே போகப் போக அவள் சுருங்கி, கிரேனில் தொங்கிய அந்த உருவத்தின் அளவுக்கு வந்துவிட்டாள். கிடங்கின் தகரக் கூரையில் காற்று தடதடத்தது. போதும், இறங்கிவிடு என்று கத்த வாயெடுத்தான்.

"விடவா?" என்று அவள் மேலிருந்து கேட்டாள்.

அவன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"ஏங்க! விடவா, வேண்டாமா?"

"விடு!" என்றான். "பிடிச்சிருக்கேன். விடு!"

அவள் இரண்டு கைகளையும் விட்டாள். முழு எடையும் கயிற்றின் வழியாக அவன் இடுப்புக்கு வந்தது. அவள் அங்கே தொங்கினாள், லேசாகச் சுற்றினாள். அவன் கை கயிற்றில் இருந்தது. கொஞ்சம் விட்டான், அவள் கொஞ்சம் இறங்கினாள். இன்னும் கொஞ்சம். அவன் விட்ட அளவுக்குத்தான் அவள் இறங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அவள் பாதம் மெத்தையில் படும் வரைக்கும். பட்ட பிறகும் கயிற்றை விடவில்லை. ரிஃப்கா வந்து விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் டாக்டர் சரி என்றார். ஒரு புதன்கிழமை காலையில் எஸ்றா கிரேன் ஏணியில் கால் வைத்தான். சுடலைக்கண்ணன் பின்னாலேயே ஏறிவந்தான், வாயில் பாட்டில்லாமல். இரண்டாவது தட்டைக் கடக்கும்போது முழங்கால் அடித்துக்கொண்டது. மூன்றாவது தட்டில் எஸ்றா சேஃப்டி பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டு நின்றான். கீழே கன்டெய்னர்களுக்கு நடுவே லாரிகள் ஊர்ந்தன. இன்னும் பாதி உயரம் மீதி இருந்தது.

"சுடலை, இன்னைக்கு இவ்வளவுதாம்லே முடியும்," என்றான்.

"சரிலே," என்றான் சுடலைக்கண்ணன். "நாளைக்கு ஏறிக்கிடுவோம். இப்ப இறங்கு, டீ குடிப்போம்."