பதினான்கு வீட்டுக் களைப்பு

தச்சர் வாசலைச் சுற்றி மரச்சட்டத்தால் பட்டை அடித்துக் கொடுத்த பதினான்கு வீடுகளில், வெளியே போய்விட்டு வருகிறவர்களின் களைப்பு வீட்டுக்குள் வருவதில்லை; வாசல் நிலையோடு நின்றுவிடும். ஒரு காலை உள்ளே வைக்கும்போது பாதி இறங்கும், இரண்டாவது காலும் உள்ளே வந்ததும் மீதியும் இறங்கிவிடும். இதை முதலில் கண்டவர் மூன்றாவது மாடியில் குடியிருந்த எழுத்தர். நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடமாகப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தவர். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் எழுபத்திரண்டு படி ஏறி வந்து, மனைவி என்ன கேட்டாலும் ‘உம்’ என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு நாற்காலியில் விழுகிற மனிதர், பட்டை அடித்த மறுநாள் மாலை பீரோவைத் தனியாக நகர்த்தி அதற்குப் பின்னால் பெருக்கினார். மனைவி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். ஒரு வாரத்தில் பழகிக்கொண்டு, செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டு வைக்க ஆரம்பித்தாள். விருந்தாளிகளின் களைப்பை அந்த நிலை சீண்டவில்லை, குடியிருப்பவர்களுடையதை மட்டும்தான் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டே மாதத்தில் அந்தத் தெருவில் தச்சருக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போயிற்று.

அவர் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு விரல் நுழைகிற சந்து இருக்கும். கொத்தனார் எவ்வளவு பூசிக் கொடுத்தாலும் இரண்டு கோடையில் விரிந்துவிடும். அதை மூடத்தான் நிலையைச் சுற்றி மெல்லிய மரச்சட்டத்தைப் பட்டையாக அடிப்பது. பட்டையை நிலையின் உள் விளிம்போடு ஒட்டி அடிக்கக் கூடாது. இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், பின்னால் தள்ளி அடிக்க வேண்டும். மூன்று பக்கமும் அந்தக் கால் அங்குலம் ஒரே சீராக ஓட வேண்டும். அரை நூல் பிசகினாலும் பார்க்கிறவர் கண் அங்கேதான் போய் நிற்கும். ஒரு கதவுக்கு ஒன்பது இடத்தில் டேப்பைப் பிடித்துக் குறி வைத்துக்கொண்டிருந்தவர், கண் மங்கத் தொடங்கிய வருடம் ஒரே கதவை மூன்று தடவை தப்பாக அளந்து, அளப்பதே வெறுத்துப்போய், கீழே கிடந்த துண்டுக் கட்டையின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு படி வெட்டினார். படி நிலையின் உள் விளிம்பில் முட்டி நிற்கும். அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் உதடு சரியாக இரண்டு நூல். உதட்டின் ஓரத்தில் பென்சிலை வைத்துக் கட்டையை மேலிருந்து கீழே இழுத்தால் கோடு விழுந்துவிடும். டேப் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். அந்தக் கட்டையை வைத்து அடித்த பட்டைதான் களைப்பைப் பிடித்தது. டேப்பால் அளந்து அடித்த பழைய பட்டைகள் எதையும் பிடிக்கவில்லை. ஏன் என்று யாரும் ஆராயவில்லை. அளந்து அளந்து சலித்த சலிப்பு கட்டைக்குள் இறங்கியிருக்கும் என்று தச்சர் நினைத்தார். அதற்கு மேல் நினைக்க வேலை இடம் கொடுக்கவில்லை. மூலைகளைச் சாய்த்து அறுத்துப் பொருத்தி, தலையில்லாத ஆணி அடித்து, குழிகளில் மக்கு அடைத்துத் தேய்த்துப் பெயின்ட் பூசிவிட்டால், ஆணி எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவருடைய சொந்த வீட்டு வாசலில் பட்டை இல்லை. சந்துக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு, எல்லாம் நின்றபடி. குடிவந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாகப் பட்டை கேட்டுக்கொண்டிருந்தாள். “ஊருக்கெல்லாம் அடிக்கிறீங்க, நம்ம வாசல் மட்டும் மூளியா நிக்குது. ஒரே ஒரு கதவுங்க, நான் என்ன அரண்மனையா கேட்டேன்?” என்பாள். “மரம் வரட்டும்மா” என்பார். மரம் வரும், போகும். முதல் எட்டு வருடம் அது வெறும் சோம்பல், எல்லாத் தச்சர் வீட்டிலும் இருப்பதுதான். கடைசி நான்கு வருடம் காரணம் வேறு.

எழுத்தர் வீட்டுப் பட்டை ஐந்தாவது வருடம் வீங்கியது. நடுவில் புடைத்து, மக்கு உதிர்ந்து, ஆணிகள் தலைகாட்டின. “என்னப்பா இது, என்னைவிடப் பெரிய தொந்தியா போட்டிருக்கு?” என்று எழுத்தர் கூப்பிட்டு அனுப்பினார். தச்சர் உளியைப் பின்னால் செருகி நெம்பினார். பட்டை கையோடு வந்தது. அதற்குப் பின்னால் அடைந்து கிடந்த ஐந்து வருடக் களைப்பு சத்தமில்லாமல் அவர் மேல் விழுந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆயிரக்கணக்கான தடவை ஏறிய எழுபத்திரண்டு படிகள் முட்டியில் ஏறிக்கொண்டன. தன்னைவிட இருபது வயது சின்ன அதிகாரிக்கு முன்னால் எழுத்தர் நின்ற நிற்பெல்லாம் முதுகில் வந்து உட்கார்ந்தது. தொட்ட வேலையை விடக்கூடாது என்பதால் புதுப் பட்டை அடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கிடந்தார். எழுந்தாரே தவிர, களைப்பு போகவில்லை. அடுத்த மாதம் இரண்டாம் மாடி டிரைவர் வீட்டுப் பட்டை, பிறகு எதிர்க் கட்டடத்துத் தையல்காரி வீட்டுப் பட்டை என்று நான்கு வருடத்தில் பதினான்கையும் பிடுங்கினார். வேறு ஆளை வைத்துப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆள் மேல் விழும் என்பதால் சொல்லவில்லை.

மனைவிக்குப் பட்டை அடித்துக் கொடுக்காததற்கு இதுவே போதுமான காரணம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. அவளுடைய களைப்பைச் சுமக்க அவருக்குத் தயக்கமே இல்லை, பதினான்கோடு பதினைந்து. ஆனால் அந்தப் பட்டையை ஒரு நாள் பிடுங்க வேண்டியிருக்கும், அப்போது அவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்பது தெரிந்துவிடும். தன்னோடு வாழ்ந்ததில் எவ்வளவு பங்கு என்பதும் தெரிந்துவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது என்று தோன்றியது. ஆகவே மரம் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார், அவளோ வரவர மெலிந்துகொண்டே போனாள். கடைசியில் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் தேவைப்பட்டது.

ஒரு விடுமுறை நாளில் அவர் வேலைக்குப் போயிருந்தபோது அவளே அடித்துவிட்டாள். அளவுக் கட்டையை அவர் அன்று பையில் எடுத்துப் போகவில்லை. பல வீடுகளில் மிஞ்சிய துண்டுகள் மூலையில் கிடந்தன. இடது பக்கம் ஒரு மரம், வலது பக்கம் வேறு மரம், தலைப் பட்டை இன்னொன்று. கோடு மட்டும் நேராக விழுந்தது, கட்டை அதற்குத்தானே இருந்தது. இடது மூலை சேராமல் நகம் நுழைகிற அளவு வாய் பிளந்து நின்றது. பக்கவாட்டில் பக்கத்துக்கு நாலாக எட்டுத் திருகாணி, தலையில் இரண்டு, எல்லாம் வெயிலில் பளபளத்தன.

“ஸ்க்ரூவா?” வாசலில் வந்து நின்ற தச்சருக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது. “பட்டையில யாராவது ஸ்க்ரூ போடுவாங்களா? மூஞ்சி பூரா பரு மாதிரி தெரியுது.”

“அப்புறம் எப்படிக் கழட்டுறது?”

“எதுக்குக் கழட்டணும்?”

“தலையணை உறையையே வாரத்துக்கு ஒரு தடவ கழட்டித் துவைக்கிறோம். நீங்க தெரு முழுக்க அஞ்சு வருஷம் கழட்ட முடியாம ஆணி அடிச்சு மூடி வச்சா, அது வீங்காம என்ன செய்யும்? நிக்காம உள்ள வாங்க.”

இருபத்தெட்டு வருடத் தொழிலில் இது அவருக்குத் தோன்றியதே இல்லை. ஆணி தெரியக்கூடாது என்ற கர்வத்தில் அது மறைந்து கிடந்தது. இரண்டு காலையும் உள்ளே வைத்தார். அந்த நொடியே பட்டை இரு பக்கமும் புடைத்துக்கொண்டு வந்தது. திருகாணிகள் முனகின, ஆனால் பிடித்துக்கொண்டன. தச்சர் நான்கு வருடத்தில் முதல்முறையாக நிமிர்ந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், பிளந்திருந்த மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“காலையிலேர்ந்து நான் பத்து தடவ உள்ள வெளிய போய் வந்துட்டேன். என் பன்னெண்டு வருஷத்துக்கே இப்படி வீங்கல. இது யாரோடதுங்க?”

அவர் சொன்னார். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

“எனக்கு அடிச்சுக் குடுக்காததும் இதனாலயா?”

“உன்னோடது எவ்வளவுன்னு தெரிஞ்சுடுமேன்னு.”

“தெரியட்டுமே” என்று சொல்லி அவர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் திணித்தாள். அவளிடம் இன்னொன்று இருந்தது. தலைப் பட்டையின் திருகாணி ஒன்று ஏற்கெனவே தானாகச் சுழன்று வெளியே வந்துகொண்டிருந்ததால், யோசிக்க நேரமும் இல்லை.

வராந்தாவில் நின்று அவள் இடது பக்கத்தைக் கழற்றினாள், அவர் வலது பக்கத்தை. நான்காவது திருகாணி ஒரே நேரத்தில் வந்தது. சந்துக்குள் இரண்டு பேருடையதும் கலந்துவிட்டிருந்ததால் ஆளுக்குப் பாதியாக விழுந்தது. இருவரும் தரையில் சாய்ந்தார்கள். தச்சரின் வலது தோளில் முந்நூறு முந்நூறாக விரிப்புகள் வந்து இறங்கின, முகத்தில் நீராவி அடித்தது. கூடவே அவர் அறியாத ஒன்றும் வந்தது: வேலை முடிந்து வருகிற ஒவ்வொரு மாலையும் அவள் இதே கதவுக்கு வெளியே, சுவரில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்று, முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே வந்திருக்கிறாள். பன்னிரண்டு வருடமும் அவர் பார்த்தது சரிசெய்த முகத்தை. அவர் வாய்விட்டு அழுதார். அவள் பக்கத்தில் மல்லாந்து கிடந்தபடி, வந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த முட்டி வலி உங்களோடது இல்லையே?”

“அது எழுத்தரோடது.”

“இடுப்பு?”

“ரெண்டாம் மாடி டிரைவர்.”

“அப்ப இந்தப் பயம்?”

“அது என்னோடது” என்றார்.

ஒன்பது நாள் அங்கேயே கிடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையணையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்கள். சலவைக் கூடத்திலிருந்து விசாரிக்க வந்த மேற்பார்வையாளர் குனிந்து பார்த்துவிட்டு, இவர்கள் எழுந்திருக்க நாளாகும் என்று அலுவலகத்தில் சொன்னார். தனி ஆள் மேல் நான்கு வருடம் அசையாமல் கிடந்த களைப்பு, இரண்டு பேர் மேல் பகிர்ந்து விழுந்ததும் காய்ச்சல் இறங்குவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பத்தாம் நாள் எழுந்து, பட்டையைத் திரும்பத் திருகி மாட்டினார்கள். பிளந்த மூலையைச் சரிசெய்ய வந்த தச்சரின் கையை அவள் தட்டிவிட்டாள்.

அதன்பிறகு தச்சர் பதினான்கு வீட்டுக்கும் போய், வீட்டுக்காரர்களையும் கைகொடுக்க வைத்து ஆணியைப் பிடுங்கித் திருகாணி போட்டார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் இருப்பவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து கழற்றி, விழுவதை வாங்கிக்கொண்டு படுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பதின்மூன்று வீட்டில் சரி என்றார்கள். எழுத்தர் மட்டும் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று முரண்டு பிடித்தார். இனிமேல் வீங்கினால் வரமாட்டேன் என்று தச்சர் சொன்ன பிறகு, பித்தளைத் திருகாணியாகப் போட்டுக் கொடு என்று இறங்கிவந்தார். இப்போது விடுமுறை நாள் காலைகளில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள் படுத்துக் கிடப்பார்கள், புதிதாக வருகிறவர்கள்தான் பதறுவார்கள். தச்சரும் மனைவியும் வராந்தாவில் மதியம்வரை கிடப்பார்கள். அந்த வாரம் அவளுக்கு என்ன நடந்தது என்று அவரும், அவருக்கு என்ன நடந்தது என்று அவளும் கேட்பதில்லை, தோளிலும் முட்டியிலும் தெரிந்துவிடும். பால்காரர் இருவர் காலையும் பார்த்துத் தாண்டி, “எந்திரிக்காதீங்க, நானே உள்ள வச்சுட்டுப் போறேன்” என்பார்.