பானெட்டுக்குள் பவிசு

"மணலு! மணலை அள்ளிக் கொட்டுடா!"

இசக்கிமுத்து கொட்டவில்லை. மணல் கார்புரேட்டருக்குள் இறங்கினால் இன்றைக்கு இந்தக் கார் நகராது. இன்றைக்கு இந்தக் கார் நகர்ந்தே ஆக வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடந்த கோணிச் சாக்கை உருவினான். சொட்டச் சொட்ட அதைத் திறந்திருந்த பானெட்டுக்குள் அறைந்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான். புஸ்ஸென்று ஆவி முகத்தில் அடித்தது. சாக்கின் ஓரத்தில் ஒரு நீலத் தழல் எட்டிப் பார்த்தது. முழங்கையை வைத்து அதையும் அமுக்கினான். மயிர் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் அது தன் கை என்று தெரிந்தது. பத்து எண்ணுவதற்குள் தீ செத்தது.

மணல் மணல் என்று கத்தியவர் சிங்காரவேல். காரின் சொந்தக்காரர். பம்பு செட் அறைக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தார். பட்டுச் சட்டை கசங்கவில்லை.

"பெயிண்ட்டு போச்சாடா?"

"பெயிண்ட்டுக்கு ஒண்ணும் இல்ல சார்."

"பைப்பு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சரி" என்று மூச்சு விட்டார். வெந்து சிவந்திருந்த கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. இசக்கிமுத்துவும் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாகத் தெரிந்த ஆள்.

நெய்வேலி அனல் மின் நிலையத்தில் பாய்லர் ரிப்பேருக்கு வெல்டர்களை அனுப்பும் கான்ட்ராக்டர்களில் சிங்காரவேலும் ஒருவர். இசக்கிமுத்து அவரிடம் வெல்டர். நகரியத்துக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையில், முந்திரித் தோப்பை வெட்டிப் போட்ட யார்டு. அங்கே ஒரு தகரக் கொட்டகைக்குள் இந்தக் கார் ராஜா மாதிரி நின்றது. ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன சிவப்பு நிற இங்கிலீஷ் ரேஸ் கார். இரண்டே சீட்டு. ஓட்டத் தெரிந்தவன் கையில் கிடைத்திருந்தால் பாண்டிச்சேரிக்குப் பறந்திருக்கும். சிங்காரவேலுக்கு மூன்றாவது கியருக்கு மேல் பயம். அதனால் அவர் காரை ஓட்டுவதில்லை, திறந்து காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை யாராவது சிக்கினால் போதும், பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைக் காட்டுகிற மாதிரி எஞ்சினைக் காட்டுவார்.

அப்படிக் காட்டும்போதுதான் அவர் கண்ணை உறுத்தியது அந்த மேனிஃபோல்டு. எஞ்சினின் நாலு சிலிண்டரிலிருந்தும் வருகிற சூட்டுப் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய். இருபத்தைந்து வருஷ நெருப்பைத் தின்று யானைத்தோல் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு விரிசல் கிடையாது, ஒரு கசிவு கிடையாது. இன்னும் இருபத்தைந்து வருஷம் உழைக்கும். ஆனால் பார்க்க நன்றாக இல்லையாம்! மெட்ராஸ் ஓட்டல் ஒன்றில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். அதில் பளபளவென்று நாலு குழாய் நாலு பாம்பு போல வளைந்து இறங்கும் படம். பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இதே மாதிரி எவர்சில்வர்ல வேணும்டா. மூஞ்சி தெரியணும்."

ஆரோக்கியமாக இருக்கிற குடலை அறுத்துப் போட்டுவிட்டு வெள்ளியில் குடல் வைத்துக்கொள்கிற மனுஷனை இசக்கிமுத்து அன்றைக்குத்தான் பார்த்தான். ஷிப்டு முடிந்து வந்து, குழாயை வாங்கி, வளைத்து, ஒட்டி, பாலிஷ் மாவு போட்டுத் தேய்த்து, நாலு வாரம் அந்தக் கொட்டகையில் கிடந்தான். மனைவி தனபாக்கியம்கூடக் கேட்டாள், "சோறு போடுறது பாய்லரா, அந்த மனுசன் காரா?" என்று. அவளுக்குத் தெரியாததில்லை. மின் நிலையத்திலேயே பர்மனென்ட் வெல்டர் வேலைக்கு இன்டர்வியூ கடிதம் வந்திருந்தது. எந்தக் கான்ட்ராக்டரிடம், எந்த வேலையில், எத்தனை வருஷம் என்று அந்தக் கான்ட்ராக்டரே எழுதிக் கையெழுத்துப் போட்ட சர்வீஸ் சர்டிபிகேட் வேண்டும். கடைசி நாள் இன்று, சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி.

"காரு முடியட்டும், பேப்பரு வாங்கிக்க" என்று சிங்காரவேல் நாலு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீ எப்படி வந்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. கார்புரேட்டருக்கும் அந்தக் குழாய்களுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு உண்டு. பெட்ரோல் வழிந்தால் சூட்டுக் குழாயில் விழாமல் தாங்கிக்கொள்ளும். காரைச் செய்தவன் முட்டாள் இல்லை. ஆனால் தகடு இருந்தால் குழாய்களின் பாதி பளபளப்பு மறைகிறது. அதனால் சிங்காரவேல் அதைக் கழற்றச் சொன்னார். கழற்றி ஒரு மணி நேரத்தில் கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் ஊசி சிக்கி, பெட்ரோல் வழிந்து, பற்றிக்கொண்டது.

"தகட்டை மாட்டிரட்டுமா சார்?"

"மாட்டிப்புட்டு? எதைக் காட்டறது? ஊசியைச் சுத்தம் பண்ணு. போதும்."

"வழியில மறுபடியும்..."

"ஒரு வாளி மணலை சீட்டுக்குப் பின்னாடி வையி."

சிங்காரவேலின் அக்கா மகன் கலியபெருமாள் இதைக் கேட்டுச் சிரித்தான். பெல்ஸ் பேண்ட், கழுத்தில் கைக்குட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடி. அவன் வேலைக்கு வந்த நாலு மாதத்தில் இந்தக் கண்ணாடி நெற்றியை விட்டுக் கீழே இறங்கியதே இல்லை. வெல்டிங் ஹோல்டரை அவன் பிடிக்கிற லட்சணம், செத்த எலியின் வாலைப் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

"இசக்கியண்ணே, பைப்பு அடியில மஞ்சளாகீது பாரு. தேச்சுடு."

எஞ்சினை ஒட்டிய இடத்தில், இளம் வாழைப்பழ நிறத்தில் ஒரு வளையம் படர்ந்திருந்தது. இசக்கிமுத்து குனிந்து தேய்த்தான். மஞ்சள் போயிற்று. இரண்டு நிமிஷ ஓட்டத்துக்கு மஞ்சள். இருபது நிமிஷம் ஓடினால் ஊதா, அப்புறம் கருநீலம். அடிபட்ட கணுக்கால் மாதிரி ஆகிவிடும். பிறகு எந்த மாவு போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. எவர்சில்வரின் குணம் அது. இவர்கள் யாரும் கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

தேய்க்கும்போது கை தானாக வெல்டிங் ஒட்டுகளைத் தடவியது. பாய்லர் வெல்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஒட்டும் முடிந்ததும் பக்கத்திலேயே தன் நம்பரை பஞ்ச் உளி வைத்துச் சுத்தியலால் அடித்துவிட வேண்டும். நாளைக்குக் கசிந்தால் எவன் சட்டையைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே! இசக்கிமுத்துவின் நம்பர் முப்பத்தொன்று. ஒன்பது வருஷத்தில் ஒரு முப்பத்தொன்றும் கசிந்ததில்லை. இந்தக் கார் குழாய்களிலும் பழக்கதோஷத்தில் நாலு இடத்தில் 31 அடித்துவிட்டான். பார்த்துவிட்டு சிங்காரவேல் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"இன்னாடா இது? மாட்டுக்குச் சூடு போடற மாதிரி என் காருல உன் நம்பரு? தேச்சு எடு. அந்த மேடு மேடா இருக்கறதையும் எடு. தையலே தெரியக் கூடாது."

மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஒட்டு. இன்ஸ்பெக்டர்கள் விரலால் தடவிப் பார்த்து மெச்சுகிற ஒட்டு. அதைத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கச் சொன்ன மனிதர்தான் பாய்லர் வேலைக்குக் கான்ட்ராக்டர்.

மணி இரண்டு. ஆபீசர் கிளப் ஆண்டு விழாவில் பழைய கார்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். மூன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். சீஃப் இன்ஜினியரைப் பக்கத்தில் உட்கார வைத்து மைதானத்தை நாலு சுற்று சுற்றுவதாக சிங்காரவேல் கனவு கண்டுகொண்டிருந்தார். ஆபீசில் டைப் அடிக்கும் கனகம் ஒரு தாளோடு வந்தாள்.

"சார், காருக்கு முன்னாடி வைக்க விவரம் கேட்டிருந்தாங்களே. வருஷம், ஓனர் பேரு போட்டுட்டேங்க. வேற எதுனா போடணுங்களா?"

"போதும் போதும்."

இசக்கிமுத்து நிமிராமல், துணியை மடித்துக்கொண்டே சொன்னான். "பைப்பு யாரு செஞ்சதுன்னு போடலியா சார்?"

"பார்றா! குழாயில தேச்ச நம்பரு அட்டையில ஏறிக்கினு வருது!" சிங்காரவேல் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"எனக்காக இல்ல சார். சீஃப் இன்ஜினியர் பாய்லர் பாத்தவரு. கட்டாயம் குனிஞ்சு பாப்பாரு. தகர டப்பா ஒட்டுற பட்டறை வேலைன்னு நெனச்சிரக் கூடாதுல்லா. ஒம்பது வருசம் பாய்லர் ஒட்டுன கைன்னு எழுதி இருந்தா, அது காருக்குத்தான மதிப்பு."

சிங்காரவேல் சிரிப்பை நிறுத்தினார். காருக்கு மதிப்பு. அந்த இரண்டு சொல்லும் போய் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்துவிட்டன.

"மாமா," கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றினான். "அதெல்லாம் எதுக்கு? வேணாம்."

"நீ சும்மா கெட. சாயங்காலம் குப்பைக்குப் போற அட்டை. எழுதும்மா, கனகம். நல்லா கெத்தா எழுது. நம்ம லெட்டர்ஹெட்லயே அடி."

கனகம் போய் அடித்துக்கொண்டு வந்தாள். எதை அடித்தாலும் கார்பன் வைத்து அடிப்பது அவள் பழக்கம். 'இக்குழாய்களை உருவாக்கியவர், எங்கள் நிறுவனத்தில் 1974 முதல் இடைவிடாது பணிபுரிந்து வரும் உயர் அழுத்த பாய்லர் வெல்டர், எண் 31, வெ. இசக்கிமுத்து.' சிங்காரவேல் ஒரு கையால் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டே, மறு கையால் மட்கார்டின்மேல் வைத்து இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். கண் முழுக்கக் குழாயில் தெரிந்த தன் முகத்தின்மேல் இருந்தது. கனகம் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினாள். அசலை அவரிடம் நீட்டிவிட்டு, நகலை இசக்கிமுத்துவின் துடைக்கும் துணிக்கு அடியில் தள்ளினாள். அதை யாரும் பார்க்கவில்லை.

பிறகுதான் சிங்காரவேல் கொட்டகை மேஜை டிராயரிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து, நாய்க்கு ரொட்டி நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

"இந்தா, உன் சர்டிபிகேட்டு. பிரிக்காம கொண்டு போய்க் குடு. பிரிச்ச கவரை வாங்க மாட்டாங்க."

"சரி சார்."

"சார்னா மட்டும் போதுமா? நன்றி வேணாம்?"

"ரொம்ப நன்றி சார்."

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. சீட்டுக்குப் பின்னால் மணல் வாளி ஆடியது. சாலையில் ஏறும் வரை இரண்டாவது கியர். வளைவு தாண்டியும் இரண்டாவது கியர்.

இசக்கிமுத்து சைக்கிளை எடுத்தான். வெந்த கையால் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியவில்லை. ஒற்றைக் கையாலேயே மிதித்துக்கொண்டு, கம்பெனி பஸ்களின் தூசியைத் தின்றுகொண்டு நகரியத்துக்குள் நுழைந்தான். ஆபீஸ் கவுன்ட்டரில் நிற்கும்போது நாலரை.

குமாஸ்தா வெள்ளைச்சாமி மதுரைப் பக்கத்து ஆள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கவரைப் பிரித்துப் படித்தார். மறுபடியும் படித்தார். இசக்கிமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா இது? ஹெல்பர்னு இருக்கு. ஒரு வருஷம் நாலு மாசம். நீ வெல்டருக்குல்ல மனுப் போட்டிருக்க?"

"ஆமா சார்."

"நம்பர்?"

"முப்பத்தொண்ணு."

வெள்ளைச்சாமி ஒரு பைலைப் புரட்டினார். "முப்பத்தொண்ணு நேத்தே வந்திருச்சேய்யா. கலியபெருமாள். ஒம்பது வருஷ சர்வீஸ். இதே கான்ட்ராக்டர் கையெழுத்து. நம்பர் யாருதுன்னு அவங்க எழுதிக் குடுக்கிறதுதான் எங்களுக்கு." குரல் இறங்கியது. "உன்னைய நல்லா ஏமாத்திட்டாங்கய்யா."

இசக்கிமுத்து சட்டைக்குள் கைவிட்டு, வயிற்றோடு ஒட்டியிருந்த தாளை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தான். கார்பன் நகல். அடியில் பச்சை மையில் அசல் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், இன்றைய தேதி.

வெள்ளைச்சாமி இரண்டு தாளையும் அருகருகே நகர்த்தினார். ஒரே லெட்டர்ஹெட். ஒரே கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரே மாதிரி இரண்டு கோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைப் பக்கம் இரண்டடி வைத்தவர், நின்றார்.

"கவருக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கு எப்பய்யா தெரியும்?"

"கையெழுத்து அவரோடதுதான சார்?" என்றான் இசக்கிமுத்து. யார்டு வாசலில், காலை எட்டு மணிக்கு, சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சாக்கில் நின்று, "அண்ணே, அந்தக் கவரு உங்களுக்கு ஆகாதுங்க, நாந்தான் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனவளின் பேரை அவன் இங்கே இழுக்க விரும்பவில்லை. அவள் சொன்னது எட்டு மணிக்கு. கார் தீப்பிடித்தது பதினொரு மணிக்கு. எரிய விட்டிருந்தால் அட்டையும் இல்லை, இந்தக் கையெழுத்தும் இல்லை.

கவுன்ட்டர் மரத்தின்மேல் அவன் வலது கை கிடந்தது. முழங்கை வரை வெந்து தோல் சுருங்கியிருந்தது. விரல் நுனிகளில் கார்பன் நீலம்.