ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ்

ஷர்லி டீச்சருக்கு யார் எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது "சரிங்க சார்"தான். அதை விழுங்கித் தொலைக்க இந்த வயசு வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் தொடங்குமுன் காலையில் ஸ்பெஷல் கிளாஸா, சரிங்க சார். மணி அடித்த பிறகு சாயங்காலம் இன்னொன்றா, சரிங்க சார். பிரசவ லீவில் போன தமிழ் டீச்சரின் வகுப்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டுமா, அதற்கும் அதே பதில். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் என்றால் பொதுத் தேர்வு நெருங்க நெருங்க ஆளாளுக்குத் தலையில் ஏறி உட்காருவார்கள். கடைசியாகத் தலைமையாசிரியர் ஜெபக்குமார், "இந்த வருஷம் நூத்துக்கு நூறு காட்டிப்புடணும் டீச்சர். பரீட்சை வரைக்கும் ஞாயித்துக்கெழமையும் பிள்ளைகளை வரச் சொல்லிருவோமா?" என்று கேட்டார். என்ன சொல்லியிருப்பாள்? அதையேதான் சொன்னாள், மகராசி.

தூக்கம் அவளை விட்டுப் போய் வெகுநாளாயிற்று. படுத்தால் மண்டைக்குள் இருபடிச் சமன்பாடு ஓடும். வகுப்பில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் வள்ளென்று விழுந்தாள். போன வாரம் குளத்தூர் ரோட்டில் கண் செருகி, ஸ்கூட்டியோடு ஓரத்துக் கருவேலம் புதருக்குள் இறங்கிவிட்டாள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. எதிரே டவுன் பஸ் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதிலிருந்து புருஷன் ஆனந்தராஜ் பிடித்த பிடியை விடவில்லை. ஆவூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவர், அதிகம் பேசாதவர். அன்று ஞாயிறு காலை மாதா கோயிலுக்குக் கிளம்பும்போதும் ஆரம்பித்தார்.

"பூசை முடிஞ்சதும் ஒங்க ஹெச்செம்முக்கு ஃபோனைப் போட்டு, வரலைன்னு சொல்லிரு. இல்லாட்டி நான் பேசுறேன்."

"நீங்க பேசுனா அசிங்கமாப் போயிரும். நானே சொல்றேங்க."

சொல்ல மாட்டாள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கைப்பையில் சாக்பீஸ் டப்பாவும் மதியச் சோறும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன.

கோயிலில் பெண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்தாள். முதல் வாசகம் காதில் விழுந்தது. இரண்டாவது வாசகம் பாதி விழுந்தது. ஃபேன் காற்று முகத்தில் பட்டதும் தலை தூணில் சாய்ந்துவிட்டது. எத்தனை நாள் கழித்து வந்த தூக்கம்! ஆனால் வாசகம் முடிந்தால் நற்செய்தி, அதற்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் அல்லவா? கோயிலே திமுதிமுவென்று எழுந்தது. கீபோர்டுக்காரன் ஜஸ்டின் சுருதியைத் தேடிக்கொண்டிருந்ததால் அல்லேலூயா பாட்டு இன்னும் தொடங்கவில்லை. எல்லோரும் ஒன்றாக எழுந்திருக்கிற அந்தச் சத்தத்துக்கு ஷர்லியின் காதில் ஒரே அர்த்தம்தான். கண்ணைக்கூடத் திறக்காமல், வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ம்ம்... உக்காருங்க, உக்காருங்க. நோட்ட எடுங்க!"

கொல்லென்று சிரிப்பு. பீடத்தில் நின்ற ஃபாதர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷர்லி விழித்துப் பார்த்து, விஷயம் புரிந்து, பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று தவித்தாள். அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தாள்.

அவளுடைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நிற்க, அவர்கள் மட்டும் அவள் சொன்ன சொல்லுக்கு அப்படியே பொத்தென்று உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பியிருந்தார்கள். குறும்பு இல்லை. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. ஞானமணி மகள் பிளெஸ்ஸியின் கை, அங்கே இல்லாத புத்தகப் பையைப் பக்கத்தில் துழாவியது. அவள் கண் சிவந்து, இமை வீங்கிக் கிடந்தது. அந்தக் கண்ணை ஷர்லி தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள். ஐயோ, பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்கு இதையா கொடுத்தேன் என்றிருந்தது அவளுக்கு.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஞானமணி பிடித்துக்கொண்டாள். "ஏன் டீச்சர், ஃபாதருக்கும் இம்போசிஷன் குடுப்பீங்களா?" சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஷர்லியும் சிரித்து வைத்தாள். பின்னாலேயே பிளெஸ்ஸி வந்தாள்.

"டீச்சர், வீட்டுக்குப் போயிட்டு வரவா, இப்பிடியே ஸ்கூலுக்கு வந்துரவா?"

"நேத்துத் தூங்குனியாடி?"

"நீங்க குடுத்த கணக்கு முடியல டீச்சர். முடிச்சிட்டுப் படுத்தேன்."

ஷர்லி பைக் பக்கத்தில் நின்ற ஆனந்தராஜிடம் போய், அவர் கேட்குமுன்னே ஃபோனை எடுத்தாள்.

"சார், இன்னைக்குக் கிளாஸ் வேணாம் சார். இனிமே ஞாயித்துக்கெழமையே வேணாம். பிள்ளைங்க உக்காந்த எடத்துல தூங்குதுங்க. இப்பிடிப் படிச்சு ஒண்ணும் ஏறாது. பாவம் சார், விட்ருவோம்."

குரல் நடுங்கவே இல்லை. ஆனந்தராஜ் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபக்குமார் கெட்டவர் இல்லை. மேலே மீட்டிங்கில் அவரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், அந்தப் பயம்தான். கொஞ்ச நேரம் முனகினார். "பரீட்சை நேரம் டீச்சர்..." என்றார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"சரி, நீங்க சொல்றதும் நியாயந்தான். பிள்ளைங்களுக்கு லீவு விட்டுருவோம்."

"ரொம்ப நன்றிங்க சார்."

"அப்ப நீங்க மட்டும் வந்துருங்க டீச்சர். மாதிரித் தேர்வு மார்க்கெல்லாம் ஆன்லைன்ல ஏத்தணும். பிள்ளைங்க இல்லைன்னா தொந்தரவில்லாம முடிச்சிரலாம், என்ன?"

பிள்ளைகளுக்காக அத்தனை வாய் பேசியவளுக்குத் தனக்கென்று வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நேரம் இருந்த தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஃபோனில் வந்தது காதில் விழுந்த ஆனந்தராஜ் கையை நெற்றியில் வைத்து, காய்ச்சல் என்று சொல், காய்ச்சல் என்று சொல் எனச் சைகை காட்டினார். லீவு கேட்க வேண்டுமென்றால் டீச்சர்மாருக்குக் காய்ச்சல் வேண்டும், இல்லையென்றால் சொந்தத்தில் ஒரு சாவு வேண்டும். வேறு காரணம் சொல்லி அவள் லீவு கேட்டதே கிடையாது.

"டீச்சர், லைன்ல இருக்கீங்களா?"

"நான் வரல சார்."

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குத் தூக்கம் வருது."

"என்னது? தூக்கமா?"

அவர் அதட்டவில்லை. இப்படியொரு காரணத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல்தான் கேட்டார்.

"ஆமா சார். தூக்கம் வருது சார்," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், ஞானமணி முதற்கொண்டு ஊரே பார்க்க, கோயில் வாசலில் நின்று அழுதாள்.