தங்கம் பூசிய தட்டுகள்

என் வீட்டுக்காரர் நவீன ஓவியர். எந்தப் பக்கம் மேலே வரும் என்று அவரைக் கேட்டுத்தான் ஓவியத்தை மாட்ட வேண்டும். போன வருஷம் அவருக்கு ஜப்பான் பித்து தலைக்கேறியது. அங்கே உடைந்த பாத்திரத்தைத் தங்கம் வைத்து ஒட்டுவார்களாம். இவர் என் அலமாரியைத் திறந்து, நல்ல பீங்கான் தட்டுகளைச் சுத்தியலால் உடைத்தார். துருப்பிடித்த கம்பி, கிழிந்த சாக்கு இவற்றோடு பலகையில் ஒட்டி, இடுக்குகளில் தங்கப்பொடி பூசினார்.

"ஐயோ, என் தட்டு!"

"உடைஞ்சதுலதான்டி அழகே இருக்கு. உனக்கு எங்க புரியப்போகுது?"

"அழகு இருக்கட்டும். சாப்பாட்டை எதுல போடுறது?"

கண்காட்சியன்று வேனிலிருந்து இறக்கும்போது, டிரைவர் கை நழுவிப் பெரிய ஓவியம் கீழே விழுந்தது. நடுவில் இருந்த தட்டில் குறுக்கே புதிதாக ஒரு விரிசல். இவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்.

அவசரத்துக்கு உதவும் என்று அவரே என் கைப்பையில் போட்டுவைத்த தங்கப்பொடி டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"பூசிடுங்க. இன்னும் அழகாயிடும்."

என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"அறிவிருக்காடி உனக்கு? இது நிஜமாவே உடைஞ்சிருக்கு!"