ஆவன செய்யப்படும்

வற்றிய வையை மணலைக் காலைக் கதிரவன் பொன்னாக்க, அதன் வடகரையில் செல்லூர்த் தறிகள் ஓசையெழுப்பித் துயிலெழ, சமயநல்லூர்ப் பக்கத்து வயல்களினின்று கீரைக்கட்டுகளும் பால்குடங்களும் மிதிவண்டிகளில் ஏறி மாநகர் நோக்கி விரைய, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் ஆண்டின் புரட்டாசித் திங்களில் மதுரை எப்போதும்போல் விழித்தது. கடல்களுக்கு அப்பால் வளைகுடாவில் இரு நாடுகள் போர் தொடங்கியிருந்த செய்தி, தேநீர்க்கடைகளில் ஒரு குவளை ஆறும் வரைகூடத் தாங்கவில்லை.

அந்நகரில், அன்பரே, சௌந்தரராஜன் என்றொரு பெரியவர் வாழ்ந்தார். செல்லூர் நெசவுக் குடியில் பிறந்து, பல நாடுகளில் இந்தியத் தூதராய் இருந்து, ஓய்வுபெற்றபின் கல்லூரியொன்றில் உலக அரசியல் கற்பித்துவந்தவர். எவரையும் புண்படுத்தாமலும் எதையும் தந்துவிடாமலும் பேசுவதில் அவரை வெல்ல ஆளில்லை. 'ஆவன செய்யப்படும்' என்பது, 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்பதற்கு உடுத்திய பட்டாடை என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பார், மாணவரும் சிரிப்பர்.

அன்று கல்லூரியில் அவர் அறை வாயிலில் சோலையம்மாள் என்னும் சமயநல்லூர்ப் பெண் வந்து நின்றாள். அவள் கணவன் உக்கிரபாண்டி, போர் மூண்ட நாடுகளுள் ஒன்றின் துறைமுகத்துக்குக் கொத்தனாகப் போனவன்.

"ஐயா, நீங்க தூதரா இருந்தவுகளாம்ல. அவுக வேல பாக்குற ஊர்லதான் குண்டு விழுதாம். உசுரோட கொண்டாந்து சேத்துருங்கய்யா, எனக்கு வேற எதும் வேணாம்."

அவர் உடனே தலைநகருக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் கிடைத்தவர், முன்னாளில் அவரிடமே தொழில் பயின்ற தமிழ் அலுவலர். யாவற்றையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, அவர் பணிவுடன் மொழிந்தார்: "ஆவன செய்கிறோம், ஐயா."

"என்ன சொன்னாகய்யா?"

உண்மையைச் சொல்ல நா எழவில்லை. "ஆவன செய்வார்களாம், அம்மா" என்றார். அவள் முகம் மலர்ந்தது. மறந்துவிடாதபடி அச்சொல்லை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

சில நாளில் அவள் திரும்பி வந்தாள். உடன் அவள் ஊர்ப் பாண்டியம்மாளும் தங்கப்பொண்ணும், இன்னும் பெயரறியாப் பெண்டிர் பலரும் வந்திருந்தனர்.

"இவுக வீட்டு ஆம்பளைகளும் அங்கதான் இருக்காகய்யா. எனக்குச் செஞ்சீகல்ல அந்த ஆவன, அத இவுகளுக்கும் செஞ்சு குடுங்கய்யா."

"அம்மா, அது வெறுஞ்சொல். அதற்குப் பொருளே இல்லை. என்னால் ஒன்றும் ஆகாது" என்றார். வாழ்நாளெல்லாம் சொற்களுக்குப் பின்னே ஒளிந்திருந்தவர், அன்றுதான் வெளியே வந்து பேசினார்.

சோலையம்மாள் சிரித்தாள். "வெறுஞ்சொல்லுன்னா, இம்புட்டுப் பெரிய மனுசரு அத எதுக்குய்யா சொல்லப்போறீக? நீங்க சும்மா சொல்றீக."

வகுப்புக்கு மணி அடித்தது, அவர் எழவில்லை. வரும் விடையை அறிந்தே மீண்டும் தொலைபேசியை எடுத்தார். உக்கிரபாண்டியைப் பற்றி அன்றும் செய்தியில்லை, அதற்குப் பின்னும் இல்லை. சொல்லை வெறுமையாக்கக் கற்றவர், அதை நம்பி வந்தவர்முன் எங்கே போய் நிற்பார்? வெளியே தாழ்வாரத்தில் அப்பெண்டிர், ஆவன வந்து சேரும் என்று அமைதியாய்க் காத்திருந்தனர்.